ஈர்வாளின் தர்மம்

திருவனந்தபுரத்தின் ஸ்தல புராணம் ஒரு மரம் சாய்வதில் தொடங்குகிறது. அனந்தன்காட்டிலே ஓர் இலுப்பை மரம் வேரோடு வீழ, சிரசு திருவல்லத்திலும் பாதம் திருப்பாப்பூரிலும் படியும்படி அனந்தசயன மூர்த்தி ஒரு முனிவருக்குக் காட்சி தந்தார் என்பது இவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஐதிகம். மரத்தின் வீழ்ச்சியைத் தெய்வ சாந்நித்தியத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கும் இந்நகரைச் சுற்றி, நெடுமங்காடு, காட்டாக்கடை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களில், ஆஞ்சிலியும் பலாவும் பால் வற்றிய ரப்பர் மரமும் வாள்பட்டறைகளில் பலகையாகின்றன. மின்கம்பி எட்டாத இடத்தில் சிறு பட்டறை வைக்க முனைபவன் டீசல் எஞ்சின் வாங்குவதா, பெட்ரோல் எஞ்சின் வாங்குவதா என்று யோசிக்கும்போது, அது வரவு செலவு பற்றிய லௌகிக விசாரம் மாத்திரந்தானா, தர்ம விசாரமும் ஆகுமா என்பதே இங்கே ஆராயப் புகுந்த பொருள்.

வராகமிகிரர் தமது பிருகத்சம்ஹிதையில், விக்கிரகத்துக்கு மரம் கொள்ளச் செல்பவன் முதல் நாளிரவு அம்மரத்தைப் பூஜித்து, அதில் வாசம் செய்யும் பூதங்களை வேறிடம் செல்லும்படி வேண்டிக்கொண்டு, மறுநாள் காலை, தேனும் நெய்யும் பூசிய கோடரியால் வெட்ட வேண்டும் என்று விதிக்கிறார். வெட்டுபவனின் மனத்தூய்மை ஒன்றே போதுமென்று விட்டுவிடாமல், அவன் கையிலுள்ள கோடரியின் வாய்க்கும் ஒரு சம்ஸ்காரத்தை விதித்த அந்தக் கவனம் சிந்திக்கத்தக்கது. எதைச் செய்கிறோம் என்பதோடு எதைக்கொண்டு செய்கிறோம் என்பதும் தர்மத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

ஹிம்சை கலவாத ஜீவனம் உலகில் இல்லை என்பதை நம் சாஸ்திரங்கள் மறைத்ததில்லை. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தையும் இல்லறத்தானின் கொலைக்களங்கள் என்றே மனு ஸ்மிருதி கூறுகிறது. ஆயினும் அடுப்பை அணைத்துவிடு என்று சொல்லாமல், ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பிதிருக்களுக்கும் பூதங்களுக்கும் விருந்தினருக்கும் அன்றாடம் செய்யும் ஐந்து வேள்விகளால் அந்தக் கடனைத் தீர்க்கச் சொல்கிறது. மகாபாரதத்துத் தர்மவியாதனும் இறைச்சி விற்றுக்கொண்டே பிராமணனுக்கு உபதேசிக்கையில், கலப்பை உழும் நிலத்திலும் எண்ணிறந்த உயிர்கள் மடிவதைச் சுட்டிக்காட்டுகிறான். ஆகவே தோஷமற்ற எஞ்சினைத் தேடுவது வீண். எந்தத் தோஷம் யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதே விவேகம்.

1876-இல் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் வழிவந்த பெட்ரோல் எஞ்சின், ஆவியான எரிபொருளை மின்பொறியால் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக்காட்டிய எஞ்சினிலோ பொறி கிடையாது. காற்றையே 16 முதல் 20 மடங்கு வரை அழுத்த, அதனால் எழும் வெப்பத்தில் எண்ணெய் தானே தீப்பிடிக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் அது கனமானது, விலை கூடியது. ஆனால் அதே அழுத்தத்தினால் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டு நெடுங்காலம் உழைப்பது.

இந்த வேறுபாடு ஓர் ஆஞ்சிலித் தடியில் கணு குறுக்கிடும்போது கண்கூடாகிறது. ரம்பம் கணுவைத் தொட்டதும் சிறிய பெட்ரோல் எஞ்சினின் சுழற்சி சட்டென்று தாழ்ந்து, வாள் திணறி, வெட்டு வளைகிறது. மெதுவாகச் சுழலும் டீசல் எஞ்சினிலோ வேகத்தைச் சீராக்கும் கவர்னர் எண்ணெயைக் கூட்டிக்கொடுக்க, கனத்த பறக்கும் சக்கரத்தின் வேகமும் துணைசெய்ய, வாள் நேராகவே கணுவைக் கடந்துபோகிறது. வெட்டு வளைந்த பலகை வீணான பலகை. நாற்பது ஆண்டு வளர்ந்த மரத்தை வீணாக்குவது அதை இரண்டாம் முறை கொல்வதேயாகும்.

இனித் தராசின் மற்றத் தட்டையும் பார்க்க வேண்டும். டீசல் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வகைப்படுத்தியது. மரத்தூளும் அதே வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. பெட்ரோல் புகையிலோ கார்பன் மோனாக்சைடு மிகுதி. அடைத்த கொட்டகையில் அது மணமும் நிறமும் இன்றி ஆளைக் கொல்லும். பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றுவதாகையால், அறுப்புத்தூள் குவிந்த இடத்தில் அதனை வைத்துப் புழங்குவது பெரும் அபாயம். முதலாளி எரிபொருளுக்குக் கொடுக்கும் விலை கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. தடி தள்ளும் தொழிலாளியும் அடுத்த வீட்டுக் குழந்தையும் தங்கள் மூச்சால் கொடுக்கும் விலை எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அந்த ஏறாத கணக்கை எழுதுவதே தர்மம்.

அவ்வாறு எழுதிப் பார்த்தால் என் துணிபு இது. மின்சாரம் கிட்டுமிடத்தில் மோட்டாரே உத்தமம். அது கிட்டாத இடத்தில், நாள் முழுதும் ஓரிடத்தில் அறுப்பவன், புகைக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தி, டீசலைக் கொள்வானாக. வளவு வளவாகச் சென்று எப்போதாவது அறுப்பவன், திறந்த வெளியில் மாத்திரம், எடை குறைந்த பெட்ரோலைக் கொள்வானாக. எதைக் கொண்டாலும் தீர்க்கவேண்டிய கடன் எஞ்சியே நிற்கும். ஆதலால், பட்டறைக்காரர்களே, தொழிலாளியின் மூக்குக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். அறுத்த மரத்துக்கு ஈடாக மரம் நடுங்கள். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவை எஞ்சினின் விலையோடு முதல் நாளே சேர்த்துக் கணக்கிடுங்கள்.