அந்தரங்கமும் இசைவும்

அந்தரங்கம் தனிமனிதனின் உடைமை. அதனைக் காப்பதும் கைவிடுவதும் அவனது விருப்பத்தைப் பொறுத்தவை என்னும் கருத்து இன்று பெரும்பாலும் வினாவின்றி ஏற்கப்படுகின்றது. இக்கருத்து எத்துணை பொருத்தமானது என்பது ஆராயத்தக்கது.

1890ஆம் ஆண்டில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் அமெரிக்கச் சட்டவறிஞர் இருவர் எழுதிய கட்டுரையே அந்தரங்க உரிமை பற்றிய நவீன சட்டச் சிந்தனைக்கு வித்திட்டது. புதிய படக்கருவிகளும் வம்பு தேடும் பத்திரிகைகளும் இல்லற வாழ்வினுள் நுழைந்தமை அவர்களைக் கவலைகொள்ளச் செய்தது. எனினும் நீதிமன்றங்கள் நெடுங்காலம் அத்துமீறலை வீட்டுச் சுவரைக் கொண்டே அளந்தன. பொலிசார் வீட்டினுள் புகாது, வெளியிலுள்ள கம்பிவழியே தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்டமை உரிமைமீறலாகாது என 1928இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது நீதியரசராயிருந்த பிராண்டைஸ் அதற்கு உடன்படவில்லை. 1967இலேயே, அரசியல் யாப்பின் பாதுகாப்பு இடத்துக்கன்றி மனிதர்க்கு உரியது என்னும் கொள்கை அந்நீதிமன்றில் நிலைபெற்றது.

கணினி யுகத்தில் சுவரின் இடத்தை இசைவு பெற்றுள்ளது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தரவைக் கையாள்வதற்குரிய ஆறு சட்ட அடிப்படைகளுள் சம்பந்தப்பட்டவரின் இசைவையும் ஒன்றாகக் கொள்கின்றது. மனிதனின் சுயாதீனத்தை மதிப்பதால் இது வரவேற்கத்தக்கதே. ஆயின், ஒருவர் இசைவளிக்கும்போது வெளிப்படுபவர் அவர் மட்டுந்தானா?

கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரம் இதற்கு விடை பகரும். முகநூலில் ஒரு வினாக்கொத்துச் செயலியை ஏறத்தாழ 270,000 பேரே ஏற்றனர். அவர்தம் நண்பர்களின் விபரங்களும் அதனூடாகத் திரட்டப்பட்டமையால், பாதிக்கப்பட்டோர் 87 மில்லியன் வரையில் இருக்கலாமென முகநூல் நிறுவனமே 2018இல் அறிவித்தது. அவருட் பெரும்பாலோரிடம் எவரும் எதனையும் வினவவில்லை.

அதே ஆண்டில் கலிபோர்னியாவில், பல தசாப்தங்களாகத் தேடப்பட்ட கொலையாளி ஒருவன் கைதானான். குலவரலாறு அறியும் ஆவலில் அவனுடைய தூரத்து உறவினர் இணையத்தில் பகிர்ந்த மரபணு விபரங்களே பொலிசாரை அவனிடம் இட்டுச்சென்றன. அக்கைதினால் நீதி நிலைநாட்டப்பட்டமை உண்மை. ஆயினும் அதே வழியினால் குற்றமேதும் செய்யாத உறவினரும் அடையாளங் காணப்படக்கூடும். இனிப் பிறக்கவிருப்போரும் அதற்கு விலக்கல்லர்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், அந்தரங்கம் ஓரளவு கூட்டுடைமை என்பதாகும். ஒருவன் தன் பங்கை விட்டுக்கொடுக்கையில் பிறர் பங்கும் உடன்செல்கின்றது. அவ்வாறாயின், உறவினர், நண்பர் அனைவரதும் அனுமதியின்றி எவரும் தம்மைப் பற்றிப் பேசலாகாதா என எதிர்வினா எழலாம். அந்நிலை வாழ்வையே இயலாததாக்கும். எனவே கடமையின் பாரம் பேசுபவன் மீதன்றித் திரட்டுபவன் மீதே சுமத்தப்படல் வேண்டும். எவர் இசைந்தாலும் திரட்டலாகாத விபரங்கள் எவை, எந்நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பவற்றைச் சட்டம் வரையறுத்தல் அவசியம். 2019இல் ஐக்கிய அமெரிக்க அரசு முகநூல் நிறுவனத்துக்கு 5 பில்லியன் டொலர் அபராதம் விதித்தது. வெளிச்சென்ற விபரங்களை அத்தொகையால் மீட்க இயலவில்லை. ஆதலின் இத்துறையில் தண்டனையிலும் தடுப்பே தலையாய அறமாகும்.