மீண்டும் எழுதலாமா?

சட்டப் படிப்பிற்கான நுழைவுத் தேர்வில் எண்ணிய இடம் கிட்டாத மாணவன் முன் இரு வழிகள் நிற்கின்றன. கிடைத்த கல்லூரியில் சேர்வதா? ஓராண்டு காத்திருந்து மீண்டும் எழுதுவதா? வெறும் கணக்காகத் தோன்றும் இதனுள் அறநெறிக் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. நம்மைப் பற்றிய உண்மையை ஏற்க நாம் எவ்வளவு தூரம் ஆயத்தமாக இருக்கிறோம் என்பதே அது.

முதலில் உண்மை நிலையை அறிவோம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' தேர்வு 2008-இல் தொடங்கியது. முன்பு 150 ஆக இருந்த வினாக்கள், 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்து 120 ஆகக் குறைந்தன. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படுகிறது. ஆகவே அண்ணன் அன்று பெற்ற மதிப்பெண்ணோடு தம்பியின் மதிப்பெண்ணை ஒப்பிடுவது பொருந்தாது. தனக்குரிய ஒதுக்கீட்டுப் பிரிவில், கடந்த சில ஆண்டுகளில், எந்தத் தரவரிசை எண் வரை இடம் கிடைத்தது என்று பார்ப்பதே நேரிய அளவுகோல்.

எதிர்நோக்குக்கு எதிரான தீமைகள் இரண்டு என்பார் புனித தோமா அக்குவினாஸ். ஒன்று அவநம்பிக்கை, மற்றொன்று மிதமிஞ்சிய துணிவு. இறைவனைச் சார்ந்த எதிர்நோக்கைப் பற்றி அவர் கூறியது நம் அன்றாட முடிவுகளுக்கும் ஒளி தரும். "எனக்கு இது வராது" என ஒரே தேர்வோடு ஒதுங்குவது முதலாவதன் சாயல். எதையும் மாற்றிக்கொள்ளாமல் "அடுத்த முறை எப்படியும் கிடைத்துவிடும்" என்பது இரண்டாவதன் சாயல். இவற்றிடையே வழிகாட்டுவது முன்மதி. கடந்ததை நினைவுகூர்தல், பிறர் அறிவுரைக்குச் செவிசாய்த்தல், வருவதை முன்னறிதல் ஆகியவற்றை அதன் கூறுகளாக அவர் எண்ணுகிறார்.

காந்தியடிகள் இலண்டனில் சட்டம் பயின்ற நாள்களில் மெட்ரிகுலேஷன் தேர்வையும் எழுதி, இலத்தீனில் தோற்றார். மறுமுறை இலத்தீனை ஊன்றிப் படித்தார், வேதியியலை விடுத்து வெப்பமும் ஒளியும் என்ற பாடத்தை எடுத்தார், தேறினார். அவர் மீண்டும் எழுதியதைவிட, மாற்றிக்கொண்டு எழுதினார் என்பதே நாம் கருத வேண்டியது. வாசிக்கும் வேகம் போதவில்லையா? கணிதப் பகுதியை ஒதுக்கினோமா? நோயுற்றிருந்தோமா? இன்னது குறை, இன்னவாறு திருத்துவேன் என்று பெயரிட்டுச் சொல்ல இயலுமானால் மறுமுயற்சிக்குக் காரணமுண்டு. இயலாவிடில் அந்த ஓராண்டு முதலாண்டின் நகலாகவே முடியக்கூடும்.

அந்த ஓராண்டு மாணவனுக்கு மட்டும் உரியதன்று. பயிற்சி நிலையத்திற்குக் கட்டும் பணத்தில் தங்கையின் படிப்பும் அடங்கியிருக்கலாம். உறவினரிடையே பெருமை பேசுவதற்காகப் பிள்ளையின் ஓராண்டைக் கேட்கும் பெற்றோரும் உண்டு. அது அன்பின் உடை தரித்த அநீதி.

தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகள் ஐந்தாண்டுப் படிப்பிற்கு மேனிலைப் பள்ளி மதிப்பெண் கொண்டே மாணவரைச் சேர்க்கின்றன. அங்குப் பயின்றவரும் தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே கறுப்பு அங்கியில் வழக்காடுகின்றனர். வாய்ப்புகள் சமம் என்று சொல்ல வரவில்லை. வாசல் ஒன்றல்ல என்கிறேன்.

தரவரிசை எண் ஒருவனின் வாய்ப்பை அளக்கும்; அவனை அளக்காது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவன் மீண்டும் எழுதினாலும் பதறமாட்டான், எழுதாவிடினும் தாழ்ந்துபோகமாட்டான்.