பொதுமொழியும் நீதியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார் இளைஞர் ஒருவர், மண்ணூர்பேட்டையில் என்னிடம் திருமறை ஓதப் பழகி வருகிறார். ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்பார், நான் திருத்துவேன். ஒருநாள் சலித்துப்போய், “ஹஜ்ரத், எல்லாருக்கும் ஒரே மொழி இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லையே!” என்றார்.

அப்படியொரு மொழியைச் செய்தவர் உண்டு. கண் மருத்துவர் ஸமன்ஹோஃப் 1887இல் வார்சாவில் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். அவர் பிறந்த பியாலிஸ்டோக்கில் ருஷியரும் போலந்தியரும் ஜெர்மானியரும் யூதரும் அடுத்தடுத்து வாழ்ந்தும் பகைத்து நின்றனர். எவருக்கும் சொந்தமல்லாத மொழி எவரையும் தாழ்த்தாது என்று அவர் நம்பினார். தாய்மொழிகளை அழிக்க அவர் எண்ணவில்லை. இரண்டாம் மொழியாகவே அதை ஈந்தார். மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக ரூம் அத்தியாயத்தில் ஓதும் நமக்கு இதில் மறுப்பில்லை.

இலக்கணம் 16 விதிகளில் அடங்கும். பெயர்ச்சொல் ‘ஓ’வில் முடியும், நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’க்கு ஈடாக அங்கே ‘ன்’ உண்டு. ‘லெர்னி’ கற்றல்; ‘லெர்னேயோ’ கற்குமிடம். தர்ஸிலிருந்து மத்ரஸா பிறப்பதை ஸர்ஃபில் ஓதியவர்களுக்கு இது புதுமையன்று. ஆனால் தந்தை ‘பாத்ரோ’, தாய் ‘பாத்ரீனோ’. தந்தைச் சொல்லுக்குப் பெண்பால் விகுதி சேர்த்தால் தாய்! சிக்கனம் என்பர். என் மனம் ஒப்பவில்லை.

ஒலியில்தான் பெருஞ்சிக்கல். ‘அறிதல்’ என்னும் சொல்லை அங்கே ‘ஸ்த்ஸீ’ எனத் தொடங்க வேண்டும். தமிழில் மெய் தனித்து மொழிக்கு முதலாகாது. அரபியிலும் ஸுகூன் பெற்ற எழுத்தைக் கொண்டு தொடங்கலாகாது. அதனாலன்றோ ஹம்ஸத்துல் வஸ்லை முன்னே வைக்கிறோம்! நம் பாட்டிமார் ‘ஸ்கூலை’ ‘இஸ்கூல்’ ஆக்கியதும் அதே நியாயமே. உறவே இல்லாத இரு மொழிகள் இங்கு ஒத்து நிற்க, பொதுமொழி அவற்றைக் கேட்கவில்லை. ஸமன்ஹோஃபைக் குற்றம் சொல்வதா? அவர் தெருவில் நான்கு இனத்தார் இருந்தனர், நாம் இல்லை. மனிதனின் நீதி அவன் செவி எட்டும் தொலைவுக்கே செல்கிறது.

நம் முன்னோர் செய்தது வேறு. தமிழை அரபெழுத்தில் எழுதப் புகுந்தபோது ழகர ளகர ணகரங்களுக்கு அங்கே எழுத்தில்லை. எகர ஒகரக் குறில்களுக்குக் குறியுமில்லை. இல்லாத ஒலியை விட்டுவிடு என்று அவர்கள் தமிழிடம் கூறவில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளி கூட்டி இடம் செய்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்கள் பலர் அந்த அரபுத்தமிழிலேயே மார்க்கம் கற்றனர். ஆனால் அது நம்மவர் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த வீட்டுத் தமிழர் அதைப் படிக்க முடியாது. எஸ்பெராண்டோவின் விரிந்த நோக்கம் அதற்கில்லை. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞர் ‘ரம்ஜான்’ என்பார். நான் ‘ரமழான்’ என்பேன். இருவர் நாவிலும் அரபியரின் ஒலி இல்லை. அதற்காக நாங்கள் ஒருவரையொருவர் திருத்துவதில்லை. பழத்துக்கு மட்டும் திருத்துகிறேன். ஸலாமுக்குப் பின் எங்கள் பேச்சு முழுதும் தமிழே. அதன் பாரம் முழுதும் அவர் நாவின் மீது. ஐந்து மாதமாயிற்று. அவர் ஊரில் வாழைப்பழத்துக்கு என்ன பெயர் என்று நான் இன்னும் கேட்கவில்லை.