கருவிநூற் கல்வியும் வாய்மையும்

இலக்கணம், தருக்கம், அணி என்பன நம் முன்னோராற் கருவிநூல்களாகக் கொள்ளப்பட்டன. மேனாட்டாரும் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்னும் மூன்றையே தம் பழைய கல்விக்கு அடிப்படையாக வைத்தனர். கருவி ஒரு பயன் குறித்துக் கைக்கொள்ளப்படுவது. இக்கருவிகள் பிறரை வெல்லுதற்கு உரியனவோ, உண்மை காண்டற்கு உரியனவோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இலக்கணம் பிறர் கூற்றைப் பிறழாது உணர்த்துவது. 'புலிகொல் யானை' என்னுந் தொடர், புலியைக் கொன்ற யானைக்கும் புலியாற் கொல்லப்பட்ட யானைக்கும் பொதுவாய் நிற்கும். இவ்வேறுபாடு தெரியாதான் எப்பொருளை மறுக்கின்றான் என்பதைத் தானே அறியான்.

தருக்கம் தன் கூற்றைத் தானே சோதிக்கச் செய்வது. புகையுடைமையால் இம்மலை தீயுடைத்து, அடுக்களை போல என்பான், தான் கண்டது புகையோ பனியோ என முன்னர்த் தெளிதல் வேண்டும். பனியாயின் ஏது போலியாம்; எத்துணை விரும்பிய முடிபாயினும் அதனைக் கைவிடுதலே கடன்.

அணி வெறும் அழகு கற்பிப்பது என்பாருமுளர். அஃதன்று, தண்டியலங்காரமே மாறுபடு பொருண்மொழியையும் கவர்படு பொருண்மொழியையும் வழுவென விலக்கிற்று. மயங்கவைத்து மகிழ்விப்பது அணியாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நியாய நூலார் சொற்போரை மூன்றாகப் பகுத்தனர். உண்மை காணும் விருப்பால் நிகழ்வது வாதம். வெற்றியே கருதி நிகழ்வது செற்பம். தனக்கென ஒரு கொள்கை நாட்டாது பிறர்கோளை அழிப்பதே தொழிலாயது விதண்டை. இம்மூன்றிலும் பயிலுங் கருவி ஒன்றே, வேறுபடுவது கருத்தே. ஆகலின் கருவிநூற் கல்வி ஒழுக்கக் கல்வியோடு ஒட்டியே நிற்றல் வேண்டும்.

அற்றேல், எதிரியின் கூற்றை அவன் கருதியவாறே எடுத்துரைப்பது அவனுக்குத் துணைசெய்வதாகாதோ எனின், ஆகாது. நன்னூல் கூறும் எழுவகை மதத்துள் மறுத்தலேயன்றி உடன்படலும், பிறர்மதம் மேற்கொண்டு பின் களைதலும் உள. சிவஞான சித்தியார் பரபக்கம் ஒவ்வொரு மதத்தையும் முன்னர் நிறுத்தியே பின்னர் மறுக்கின்றது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரது விவிலிய மொழிபெயர்ப்பிற் பல்லாண்டு துணைநின்று அந்நூலை நன்கு பயின்றவர். 1854ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது, செவிவழிச் செய்திகொண்டு மறுத்தாரல்லர். அவ்விவிலியத்தையே சான்றாக எடுத்து வழக்குரைத்தார். அவர் முடிபை ஏலாதாரும் அந்நெறியை ஏற்பர்.

அன்பே அமையும், அளவை எற்றுக்கு என்பார்க்கு விடை, சித்தியார் சுபக்கம் அளவையை முன்வைத்துத் தொடங்குவதே. தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தியும் சிவஞான மாபாடியமும் செய்த சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தையுந் தமிழாக்கினார். அன்பு பொருளைத் தேடும். தேடியது பொருளோ போலியோ எனக் காட்டுவது அளவை.

கொழும்பு மாநகரத்தே இதற்கு இடமில்லாமலில்லை. கொட்டாஞ்சேனைப் பகுதியில் 1902ஆம் ஆண்டு தோன்றிய விவேகானந்த சபையும், வெள்ளவத்தையில் 1942ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்ச் சங்கமும் உள. ஆயினும் நம் மாணவர் இலக்கணத்தைப் பரீட்சைக்கும், சொல்வன்மையைப் பரிசிலுக்கும் கற்று, தருக்கத்தை முற்றும் விடுத்தல் பெருவழக்காயிற்று. கடையிரண்டின் நடுவே நின்ற தருக்கம் ஒழியின், இலக்கணம் மனப்பாடமும் சொல்வன்மை ஆரவாரமுமாய் முடியும். பல மொழியும் பல சமயமும் நெருங்கி வாழும் இந்நகரில் அவ்வாரவாரத்தால் விளையுந் தீங்கு சிறிதன்று.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் இஃதொன்றைப் பயிற்றுவாராக: எதிர்வழக்காடும் மாணவன், எதிரியின் கொள்கையை அவன் 'யான் கூறியது இதுவே' என ஒப்புமாறு முதலிற் சொல்லுக, தன் ஏதுவைச் சோதிக்க, அதன்பின்னரே விடையிறுக்க. அங்ஙனம் பயின்றான் தோற்பினும் உண்மை பெறுவான். பயிலாதான் வெல்லினும் பெறுவது கைதட்டலே.