கொல்லையில் காய்த்தது யாருடையது?



பட்டணத்து வீடுகளில் கொல்லை என்று சொல்லக்கூடியது நாலு முழ மண்தான். துணி துவைக்கும் கல்லுக்கும் மதிற்சுவருக்கும் நடுவே இரண்டு தக்காளிச் செடி, உடைந்த வாளிகளில் மூன்று மிளகாய்ச் செடி. காய் பிடித்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இருக்கட்டும். ஆனால் காய்த்தது முழுவதும் நம்முடையதுதானா என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

"விதை வாங்கினது நான், தண்ணீர் ஊற்றினது நான், மாவுப்பூச்சியைக் கையால் துடைத்தது நான்; பின்னே யாருடையதாம்?" என்பீர்கள். நியாயமான பேச்சு. 1891-ம் வருஷம் பாப்பு 13-ம் சிங்கராயர் எழுதின 'ரேரும் நோவாரும்' என்னும் நிருபமும், பாடுபட்டவனுக்குத் தன் பாட்டின் பலன் சொந்தம் என்றே போதிக்கிறது. ஆனால் அந்த நிருபமே, அர்ச். தோமாஸ் அக்குயினாஸைப் பின்பற்றி, இன்னொன்றும் சொல்லுகிறது: உடைமை சொந்தமாயிருக்கலாம், அதை உபயோகிக்கும்போது பொதுவானதாக எண்ணவேண்டும். தன் குடும்பத்தின் தேவைக்குப் போக மிஞ்சினதை இல்லாதவர்களுக்குக் கொடுக்கவேண்டும். உயிர் போகிற அவசரத்தில் தவிர, இது நீதிக் கடனல்ல, பிறர்சிநேகக் கடன்.

அப்படியானால் மிஞ்சினது எது? இங்கேதான் சங்கடம்.

தக்காளி விஷயத்தில் நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை, தக்காளியே தீர்மானித்துவிடும். ஒரே வாரத்தில் பத்துப் பழமும் பழுத்து நிற்கும். நாலைந்து நாள் போனால் தோல் சுருங்கி, அடியில் நீர் கசியும். இஸ்ராயேல் ஜனங்கள் மறுநாளைக்கென்று எடுத்துவைத்த மன்னா புழுத்துப்போனது நினைவுக்கு வரும். ஆகையால் எதிர்வீட்டுக்கு நாலு பழம் கொடுத்தனுப்புகிறோம். அனுப்பட்டும், ஆனால் அழுகப் போவதைக் கொடுத்துவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

2023-ம் வருஷம் ஜூலை மாதத்தை மறந்திருக்கமாட்டீர்கள். சென்னைக் கடைகளில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. அரசாங்கம் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கவேண்டியதாயிற்று. கடும் வெப்பத்தில் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். கொல்லையிலும் காய் குறையும். அந்த மாதத்தில் செடியில் ஆறு பழம் நின்ற வீட்டை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் தக்காளியில்லாமல் வெறும் புளியில் ரசம் கொதிக்கிறது. மலிந்த காலத்தில் எண்ணாமல் கொடுத்த கை இப்போது எண்ணுகிறது. எண்ணினது பாவமென்று நான் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது முதற் கடமை. ஆனால் அந்த ஆறில் ஒன்று மதிலைத் தாண்டிப் போயிருந்தால், முன்னே போன இருபதைவிட அது பெரிது.

மிளகாய் இதைவிடப் பொல்லாதது. பழுத்ததை வெயிலில் காயவைத்தால் வற்றல். பச்சையாகவே மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் மோர்மிளகாய். ஜாடியில் போட்டு மூடினால் மாதக்கணக்கில் கெடாது. ஆகையால் மிளகாய் மிஞ்சினதாகச் சரித்திரமே இல்லை! சுவிசேஷத்தில் வரும் ஐசுவரியவானும் விளைந்ததையெல்லாம் வைக்கப் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்தான். களஞ்சியம் கட்டுவது குற்றமா? எஜிப்து தேசத்தில் சூசையும் ஏழு வருஷம் தானியம் சேர்த்தாரே! அவர் பஞ்சத்தில் வாடப்போகும் ஜனங்களை நினைத்துச் சேர்த்தார். இவனுக்கோ தன் ஒருவனைத் தவிர வேறு நினைவில்லை.

இந்தச் சங்கடத்துக்குப் பழைய ஏற்பாட்டில் ஒரு வழி உண்டு. வயலை அறுக்கிறவன் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்று லேவியராகமத்தில் கட்டளையிருக்கிறது. களஞ்சியம் நிரம்பின பிறகு மிச்சம் பார்க்கச் சொல்லவில்லை. அறுக்கும்போதே விடச் சொல்லியிருக்கிறது. ஏழை தானே வந்து எடுத்துக்கொள்வான். வாசலில் நின்று கேட்க வேண்டாம், நன்றி சொல்லிக் கூனிக் குறுகவும் வேண்டாம். இரண்டு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வருகிறவளிடம் நாம் காட்டும் முகம் அவளுக்குத்தான் தெரியும்.

ஒரே கிணறு, ஒரே குழாய் என்று நாலைந்து குடித்தனம் இருக்கும் வளவுகளில் இதைச் செய்து பார்க்கலாம். மூன்று மிளகாய்ச் செடியில் ஒன்றை நடைப்பக்கம் வைத்து, "இது எல்லோருக்கும், கேட்காமல் பறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பிஞ்சோடு மொட்டையடித்துப் போகிறவர்களும் உண்டுதான்! அப்போது வயிறு எரியும். அது முதலிலேயே நம்முடையதல்ல என்று விட்ட செடி என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்வது சுலபமில்லை.

ஒரு காரியத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். இலை சுருட்டுகிறதென்று அந்தச் செடிக்கு மருந்து அடித்திருந்தால், இத்தனை நாள் பறிக்கக்கூடாதென்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியே ஆகவேண்டும். இது பிறர்சிநேகத்தோடு நிற்கிற காரியமல்ல. ஐந்தாம் கற்பனையைச் சேர்ந்த நீதிக் கடன். மருந்தே அடிக்காமல், சுருண்ட கொழுந்தைக் கிள்ளி எறிந்து பார்ப்பது இன்னும் உத்தமம்.

ஆடியில் நாற்று விடுகிறவர்கள் நடைப்பக்கத்துச் செடிக்கு இப்போதே இடம் பார்த்து வையுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் தழைக்கும், காய் பிடிக்காது.