விழுங்கியதும் விழுங்கப்பட்டதும்

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து ஹேஸ் நகரில் ஸ்டெர்ன்பர்க் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கல்லாகிப் போன ஒரு மீனை வைத்திருக்கிறார்கள். சிபாக்டினஸ் என்பது அதன் பெயர். நீளம் சுமார் 14 அடி. அதன் விலா எலும்புகளுக்குள்ளே, சுமார் 6 அடி நீளமுள்ள கில்லிகஸ் என்ற வேறொரு மீன் முழுசாகக் கிடக்கிறது!

கடலையே காணாத இன்றைய கான்சஸில், 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் அலையடித்துக் கொண்டிருந்தது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணப் பாறையிலிருந்து, ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க் 1952-ல் இந்த இரட்டை எலும்புக்கூட்டை எடுத்தார். இரை செரிக்கவில்லை. ஆகவே, விழுங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் பெரிய மீனும் இறந்திருக்க வேண்டும். உள்ளே துடித்த இரையே அதன் உறுப்புகளைச் சிதைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

அதன் படத்தைப் பார்த்ததும், "நன்றாக வேண்டும்!" என்றது என் மனம்.

ஆனால், மீனுக்குப் பாவம் ஏது? பசித்தது, விழுங்கியது. 'போதும்' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டும் விழுங்குகிறவன் மனிதன் ஒருவன்தான். அவன்மீது எனக்கிருந்த கோபத்தை அந்த மீனின்மீது ஏற்றியிருக்கிறேன்.

மறுபடியும் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. உள்ளே கிடந்த மீனைப் பற்றி நான் நினைக்கவே இல்லை! விழுங்கியவன் செத்தான், சரி. விழுங்கப்பட்டதற்கு உயிர் திரும்பியதா?

நான் கதை எழுதுகிறவன். ஊரை அடித்து உலையில் போட்ட ஒரு வட்டிக்கடைக்காரனைப் பற்றி நாவல் எழுதினேன். ஒரு விதவையின் காணி நிலத்தை அவன் எழுதி வாங்கிக் கொள்கிறான். கடைசி அத்தியாயத்தில் அவனைப் பாரிசவாயுவில் படுக்க வைத்து, வாய் பேசாமல் சாகடித்தேன். 'தர்மம் வென்றது' என்று எத்தனையோ வாசகர்கள் மகிழ்ந்து கடிதம் எழுதினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டனையோடு நீதி முடிந்துவிட்டதாக நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது.

அந்த விதவை பிறகு என்ன ஆனாள்? அவள் நிலம் அவளிடம் திரும்பி வந்ததா? ஒரு வாசகரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.