காய்ச்சலும் கொஞ்சம் வெட்கமும்

காய்ச்சல் வருவது யாருடைய குற்றமும் இல்லை. இதை யாரும் மறுக்கப்போவதில்லை. அப்புறம் ஏன் காய்ச்சல் விட்டு முதல் நாள் ஓடப்போகிறவனுக்கு வெட்கமாக இருக்கிறது?

போன மாதம் எனக்கு 5 நாள் வைரல் காய்ச்சல். விட்டபிறகும் ஒரு வாரம் பொறுத்துத்தான் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் மறுபடி ஓட ஆரம்பித்தேன். வழக்கமாகக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். அன்றைக்கு ஏழரை. இதயத்துடிப்பு 170-ஐத் தொட்டுவிட்டது. தினமும் நான் தாண்டிப்போகும் அறுபது வயதுக்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், "என்ன தம்பி, ஆளையே காணோம்?" என்றார். "காய்ச்சல் சார்" என்றேன். அவர் நலம்தான் விசாரித்தார். என் பதில் வாக்குமூலம் மாதிரி இருந்தது.

உடம்பு இதில் ஒளிவுமறைவு வைத்துக்கொள்வதில்லை. படுத்துக் கிடந்தால் சில நாட்களிலேயே ரத்தத்தின் திரவப் பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது, 30 வருட வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய உடல்திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஐந்து பேரும் இருபது வயதுப் பையன்கள். அவர்களில் யாரையாவது சோம்பேறி என்று சொல்ல முடியுமா?

இது தெரிந்தும் வெட்கம் போகவில்லை. தவறு இல்லாத இடத்தில் வெட்கம் எங்கிருந்து வருகிறது? பெருமையிலிருந்துதான் என்று நினைக்கிறேன். 6 நிமிடம் என் சாதனை என்று எழுதிக்கொண்டவன், ஏழரையையும் தன் பெயரிலேயே எழுதியாக வேண்டும்.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். யாரால் என்று கேட்கக்கூடாது, எதனால் என்று மட்டுமே கேட்கலாம் என்பது அதன் விதி. நல்ல விதி. ஆனால் சர்வர் விழாமல் ஓடிய நாட்களுக்கு யாரும் போஸ்ட்மார்ட்டம் எழுதுவதில்லை. எழுதினால் என் நல்ல நாட்களின் பட்டியல் இப்படி இருக்கும்: வலிக்காத முட்டி. பத்து மணிக்குத் தொடங்கும் வேலை. பள்ளிக்குக் கிளப்பவேண்டிய குழந்தை இல்லாத வீடு. இருட்டில் தனியாக ஓடினாலும் யாரும் பின்தொடராத ஆண் உடம்பு. இதில் ஒன்றுகூட நான் உழைத்துச் சம்பாதித்தது இல்லை.

அதற்காக உழைப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அலாரம் அடிக்கும்போது எழுந்தவன் நான்தானே? இந்த இடத்தில்தான் காய்ச்சலின் மூன்றாம் நாள் குறுக்கே வருகிறது. அன்றைக்கு ஓட முடியவில்லை என்பது பெரிய விஷயமில்லை. ஓடவேண்டும் என்ற ஆசையே இல்லை. ஓட்டம் என்பது வேறு யாரோ செய்கிற, எனக்குச் சம்பந்தமில்லாத காரியம் போலிருந்தது. உடம்புக்கு மேலே எங்கேயோ உட்கார்ந்து உத்தரவு போடுவதாக நான் நினைத்திருந்த மன உறுதியும் கூடவே படுத்துக்கொண்டது. எங்கள் ஓட்டக் குழுவின் டீசர்ட்டில் 'மனசு வச்சா முடியும்' என்று போட்டிருக்கும். அந்த மனசை எங்கே வைத்திருக்கிறோம், உடம்பில்தானே?

என்னுடைய வெட்கத்துக்கு ஆயுள் குறைவு. இப்போது 6 நிமிடம் 40 விநாடி வரை வந்துவிட்டேன். இன்னும் சில வாரத்தில் வேகம் திரும்பிவிடும், வெட்கம் மறந்துவிடும், டீசர்ட் வாசகம் மறுபடி உண்மை மாதிரி தெரியும். திரும்பிவர வழியில்லாத உடம்புக்காரர்களுக்குத்தான் அந்த வாசகம் தினமும் பதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அலுவலகத்தில் மூட்டுவாதம் உள்ள தோழி ஒருத்தி இருக்கிறாள். ஒரே ஒரு மாடி ஏறுவதற்கு லிஃப்டுக்குள் வரும்போதெல்லாம், யாரும் எதுவும் கேட்காமலே, "முட்டி வலி" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவாள்.